எட்டாவது பெண்

தில்லைநாயகியின் சொந்தப் பெயர் பிரான்சில் ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது: லாச்சப்பல் பெண்கள் பெத்தாங் விளையாட்டுக் கழகத்தின் முதல் உறுப்பினர் கொப்பியில். வதிவிட அட்டையிலும் துப்புரவு வேலையின் சம்பளச் சீட்டிலும் அவள் ஜெகதீஸ்வரி. அது அவளைப் பிரான்சுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் தந்த கள்ளக் கடவுச்சீட்டின் பெயர். மாற்றிச் சொல்லப் பயந்து அகதி விண்ணப்பத்திலும் அதையே கொடுத்திருந்தாள்.

2005இல் பூங்காவின் மணல்தரை ஆண்களுடையது. அவர்கள் மதியம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து எட்டுப் பெண்கள் பெத்தாங் எறியும் இரும்புக் குண்டுகளோடு இறங்கினார்கள். வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்க ஆளில்லையா என்று ழாக் என்ற கிழவர் கேட்பார். ஒருநாள் தில்லைநாயகி எட்டு மீட்டரிலிருந்து அவருடைய குண்டை அடித்துத் தூக்கினாள். அதன்பிறகு சனிக்கிழமைகள் பெண்களுக்கு என்றாயிற்று.

கொப்பியில் எழுதப் பெயர் கேட்டார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள். போட்டிகளுக்குப் போவதென்றால் அட்டை காட்ட வேண்டும். கழகத்திலேயே நன்றாகக் குறிபார்த்து அடிப்பவள் இருபது வருடமாக ஒரு போட்டிக்கும் போகவில்லை. கேட்டால் தோள்மூட்டு நோ என்பாள்.

இந்த வருடம் கழகத்தின் வரலாற்றை நகரசபை மண்டபத்தில் வைக்கப்போவதாகச் செயலாளர் ஒடில் அறிவித்தாள். முதல் நாள் எடுத்த படம், கீழே எட்டுப் பெயர்கள். அதில் தில்லைநாயகியும் ஒன்று. ஜெகதீஸ்வரிக்குக் குடியுரிமை நேர்முகம் அடுத்த மாதம்.

வீட்டில் சொன்னதும் கணவர் வரதராசா பாதிச் சோற்றோடு கை கழுவினார்.

“குண்டு எறியப் போன இடத்திலை ஏனப்பா சொந்தப் பேரைச் சொன்னனீர்?”

“எங்கையாவது ஓரிடத்திலை சொல்லவேணும் போல கிடந்தது.”

பெயரை எடுத்துவிடும்படி மறுநாள் ஒடிலிடம் கேட்டாள். காரணம் சொல்ல முடியவில்லை. தன்னோடு ஏதோ கோபம் என்று நினைத்து ஒடில் முகம் சிவந்தாள். ஆனாலும் எடுத்துவிட்டாள்.

அந்தக் கிழமை முழுவதும் தில்லைநாயகி தபால்பெட்டியைத் திறக்கவில்லை. லிஃப்ட் தங்கள் மாடியில் நின்றால் அடுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

கண்காட்சிக்குப் போகாவிட்டால் ஏனென்று கேட்பார்கள். போனாள். சுவரில் ஏழு பெயர்கள். நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், தன் முகத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை வாசித்தாள். பெயர் தெரியாத பழைய படங்களுக்கு மண்டபத்துக்காரர்கள் வழக்கமாகப் போடும் வரி: இவரை அறிந்தவர்கள் வரவேற்பு மேசையில் விபரம் தரவும்.

முதல் நாளிலிருந்து கூட ஆடும் யசோதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெயர்க் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

“பாத்தீங்களே தில்லையக்கா, உங்களைப் போய் ஆரெண்டு தெரியாதாம்.”

“விடும் யசோ. அது அப்பிடியே கிடக்கட்டும்.”

“என்னெண்டு விடுறது? முழுப்பேரும் எழுதிக் குடுத்திட்டன். பிறந்த ஊரும் போட்டனான்.”

வரவேற்பு மேசையில் கண்ணாடி போட்ட பெண்ணொருத்தி ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள்.