உப்பு பாத்துச் சொல்லுங்க

நார்வேயில் பள்ளிக்கூடத்தில் சமைப்பதில்லை. வந்து எட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இத்தனை வசதியான நாட்டில், பதினொரு மணியானதும் பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ‘மாட்பாக்கே’ என்கிற ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, ஆறியதை அப்படியே தின்கிறார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கத்தில், சத்துணவு முட்டைக்காகவே லீவு போடாமல் பள்ளிக்கூடம் போனவள் நான். பொட்டலம் கொண்டுவராத பிள்ளை என்ன செய்யும் என்று, மகளைச் சேர்த்த முதல் வருடமே கேட்டேன். எல்லோரும் கொண்டுவருவார்கள் என்று டீச்சர் சிரித்தார்.

எம்மா கொண்டுவருவதில்லை. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்துப் பெண், என் மகள் கயலின் வகுப்புத் தோழி. அவளுடைய அம்மா லீசாவுக்கு வேலை போய்விட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் வகுப்பில் பசியையும் வறுமையையும் பற்றிப் பாடம் நடந்தது. டின் உணவு சேர்க்க ஒரு பெட்டி வைத்தார்கள். உங்களிடம் இருப்பதில் பாதியை இல்லாதவருக்குக் கொடுங்கள் என்றார் டீச்சர். கயல் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். எல்லோர் முன்னாலும் பாதி ரொட்டியை எம்மாவிடம் நீட்டி, “நீ ஏழை, அதனால் இது உனக்கு” என்றிருக்கிறாள். எம்மா அழுதுகொண்டே எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சும் நின்றது.

“டீச்சர் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். அவ எதுக்கும்மா அழுவறா?” என்று கயல் என்னிடம் கேட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்றும் தெரிந்தது.

அப்பா அந்தக் காலத்தில் பெங்களூரில் கட்டட வேலை செய்தார். கூலி வராத வாரங்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வாரங்களில்தான் பக்கத்து வீட்டு ருக்கு அத்தை களியும் மொச்சைக் குழம்பும் எடுத்துக்கொண்டு வருவார். கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அவர் கையைத்தான். “அண்ணி, உப்பு சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. சளி புடிச்சு எனக்கு ருசியே தெரிய மாட்டேங்குது” என்பார். அம்மா குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசிப்பாள். “ஒரு கல்லு கொறச்சலுங்க.” அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிடுவோம். உப்பு பார்க்க ஒரு சொட்டு போதுமே, பாத்திரம் நிறைய எதற்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரிலேயே உப்பு பார்க்கத் தெரிந்தவள் என் அம்மா ஒருத்திதான் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பெங்களூரிலிருந்து பணம் வந்தால் அத்தையின் சளி தானாகச் சரியாகிவிடும். இதைக் கவனிக்க எனக்குப் பன்னிரண்டு வயதாக வேண்டியிருந்தது. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. சாப்பிட்டபோது ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். கயலும் கூட வந்தாள். லீசா கதவைத் திறந்தார், பின்னால் எம்மா நின்றாள். எனக்குச் சளி, ருசி தெரியவில்லை, கொஞ்சம் உப்பு பார்த்துச் சொல்ல முடியுமா என்று நார்வே மொழியில் கேட்டேன்.

“சளியா?” லீசா இரண்டடி பின்வாங்கினார். “அப்படியானால் நீங்கள் படுத்து ஓய்வெடுக்க வேண்டும்.” கதவு பாதி சாத்தியாகிவிட்டது. பாவம், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துவிட்டார். அத்தையின் வசனத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்த என் புத்தியை என்ன சொல்வது!

டப்பாவோடு திரும்பினேன். கயல் திரும்பவில்லை. “அம்மாவுக்குச் சளியெல்லாம் இல்லை” என்றாள் எம்மாவிடம். “உப்பு போடத்தான் தெரியாது. நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். நீ தின்றுபார்த்துச் சொல்லேன்.”

அத்தையைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எம்மா டப்பாவை வாங்கக் கையை நீட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் கழுவிய டப்பாவோடு வந்தாள். “உப்பு குறைவு” என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, கயலோடு விளையாட உள்ளே ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது வாரத்தில் நான்கு நாள் டப்பா கீழே போகிறது. வேண்டுமென்றே ஒரு சிட்டிகை உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன், அவளுக்குச் சொல்ல ஒரு குறை வேண்டுமே. நீங்களும் இப்படித்தான் செய்தீர்களா என்று ருக்கு அத்தையைப் போனில் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன். எம்மா கொண்டுவருவது காலி டப்பா என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், ஃபிரிட்ஜ் நிறைந்து கிடக்கும் இந்த வீட்டில் நின்றுகொண்டு, கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் முகத்தை அல்ல, கையில் பாத்திரம் இருக்கிறதா என்றுதான்.