கூப்பிய கை

காலை எட்டு மணி. தோக்கியோ நேரப்படிதான் எட்டு. ஜொகூர் பாருவில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூருக்கு, ஜப்பானியர் வைத்த பெயரில் இப்போது சியோனான் என்று சொல்லவேண்டும், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரியில் கிளம்பினேன். சிராங்கூன் சாலைக்குப் பதினாறு மைல். கட்டணம், வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டில் மூன்று வெள்ளி.

நான் சென்னையில் தத்துவம் படித்தவன். அண்ணனைப் பார்க்க மலாயா வந்த இடத்தில் யுத்தம் பிடித்துக்கொண்டது. பிறர் துன்பம் கண்டால் மனம் ஏன் இளகுகிறது என்பது என் ஆராய்ச்சி. ஊர் திரும்ப வழியில்லாதபோதும் அதை விடவில்லை. கண்டவரையெல்லாம் கேள்வி கேட்டுக் குறிப்பெடுப்பேன்.

லாரியில் என் பக்கத்தில் மாரிமுத்து என்ற ரப்பர் தோட்டத் தொழிலாளி. மனைவிக்கு மலேரியா. சிராங்கூனில் கொயினா மாத்திரை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் புறப்பட்டவர். அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று அவரையும் கேட்டேன்.

“என்னங்க தோணும்? போயித் தூக்குவோம்” என்றார். எழுதிக்கொண்டேன்.

எட்டரை. பாலத்தின் சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாரும் இறங்கி, ஜப்பானியக் காவலாளியின் முன் வரிசையாக நடந்தோம். கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளைய வணங்கவேண்டும். மாரிமுத்துவோ, வெள்ளைக்காரத் துரை முன் நிற்பதுபோல் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் கைகூப்பத் தயாரானார். அடி விழும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நின்ற நான் காதோடு சொல்லியிருக்கலாம். வேறு யார் சொல்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். யாரும் சொல்லவில்லை. இரண்டு அறை விழுந்தது. அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் பாலத்தோரம் நிற்கவைத்தார்கள். நான் முறைப்படி வணங்கிவிட்டு லாரியில் ஏறினேன்.

பத்தரை. சிராங்கூன் சாலையில் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. நண்பர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், மருந்தகத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். வறுத்த சோளத்தில் போட்ட காப்பி கொடுத்தார். மாரிமுத்துவின் மனைவிக்கு மலேரியா என்பதையும் பாலத்தில் நடந்ததையும் சொல்லிக் குறிப்பேட்டைப் பெருமையோடு நீட்டினேன். ‘பார்த்தவர் பத்துப் பேர். எச்சரித்தவர் எவருமில்லை.’

அவர் இரண்டு முறை படித்தார்.

“இதில உம்மைச் சேர்க்கேல்லையே” என்றார்.

காப்பியைக் கீழே வைத்தேன். அவர் உள்ளே போய், ஒளித்து வைத்திருந்ததில் பன்னிரண்டு கொயினா மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார்.

மதியம் இரண்டு. கிடைத்த லாரியில் பாலத்துக்கு ஓடினேன். நிற்கவைத்த இடத்தில் மாரிமுத்து இல்லை. ஜொகூர் பக்கமே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அங்கிருந்த மலாய்க்காரர் ஒருவர் சொன்னார்.

மாலையில் அண்ணன் வீடு சேர்ந்து பொட்டலத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான அவருக்கு ஜொகூரின் தோட்டங்களெல்லாம் அத்துபடி. உடனே சைக்கிளை எடுத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எந்தத் தோட்டம்?

அடுத்த வீட்டுக் குழந்தையைப் பற்றியெல்லாம் கேட்டிருந்தேன். அதைக் கேட்கவில்லை.