படுத்திருந்த பதினோரு பாட்டில்கள்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. பல்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் அவருக்கு வேலை. வருகிறவர்கள் முன்பக்கம் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய வாயின் அச்சு மட்டும் இவரிடம் வந்து சேரும். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றி அலமாரித் தட்டில் வரிசையாக வைப்பார். நாள் முழுக்க அந்தப் பல் வரிசைகள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். பேச்சுத்துணைக்கு அவை மட்டும்தான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஸ்காட்ச் விஸ்கி சேர்க்கிற பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால், ஒரு கீழ்ப்பல் செட்டிலிருந்து பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கப்பலில் இன்ஜினியராக இருந்த, நாற்பது வயதுக்குள்ளேயே கீழ்ப்பற்கள் போய்விட்ட ஒருவருக்கு எந்தச் செட்டும் பொருந்தவில்லை. இவர் செய்தது பொருந்தியது. அந்த மகிழ்ச்சியில் கப்பல்காரர் நேராகப் பின்னறைக்கே வந்து ஒரு பாட்டிலை நீட்டினார்.

"கடையில கிடைக்கிற சரக்குன்னு நினைச்சுடாதீங்க மாஸ்டர். காய்ச்சினவன் ஒருத்தன், பாட்டில்ல அடைச்சவன் வேற ஒருத்தன்."

பிறகுதான் விவரம் புரிந்தது. ஸ்காட்லாந்தில் சில சின்னக் கம்பெனிகள் தாங்களாக எதையும் காய்ச்சுவதில்லை. காய்ச்சுகிறவர்களிடமிருந்து பீப்பாய்களை வாங்கித் தங்கள் கிடங்கில் வருஷக்கணக்காகப் போட்டு வைப்பார்கள். ஒருநாள் ஒரு பீப்பாயைத் திறந்து, வேறு எதோடும் கலக்காமல், அப்படியே பாட்டிலில் அடைப்பார்கள். லேபிளில் படம் இருக்காது, பகட்டு இருக்காது. மருந்து பாட்டில் மாதிரி, காய்ச்சிய வருஷமும் பீப்பாய் எண்ணும் மட்டும் இருக்கும். அந்தப் பீப்பாய் தீர்ந்தால் தீர்ந்ததுதான். உலகத்தில் வேறெங்கும் அது மறுபடி கிடைக்காது.

மறுபடி கிடைக்காது என்ற அந்த ஒரு சொல்தான் பல்செட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. அவர் செய்கிற ஒவ்வொரு செட்டும் அப்படித்தானே? ஒரு வாய்க்கு மட்டும்தானே?

கப்பல்காரர் துறைமுகம் துறைமுகமாகப் போய் வரும்போதெல்லாம் ஒன்று வந்தது. இருபது வருஷத்தில் பதினொன்று சேர்ந்தது. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் அவை நின்றன. ஆமாம், நின்றன. ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பார்கள். விஸ்கியை நிற்கத்தான் வைக்க வேண்டும். விஸ்கியின் காரம் கார்க்கில் பட்டுக்கொண்டே இருந்தால் அதை அரித்துத் தின்றுவிடும். கார்க் போனால் சரக்கும் போச்சு. சேர்க்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. நிற்கிற பாட்டிலைப் பற்றி யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? மனைவியிடம் பீப்பாய்க் கதையெல்லாம் நீட்டி முழக்கிச் சொன்னவர், இதைச் சொன்னதில்லை.

அவள் அந்த அலமாரியைத் தன் சக்களத்தி என்பாள். "எல்லா வீட்டுலயும் புருஷன் குடிக்கிறான்னு அழறாங்க. என் தலையெழுத்து, புருஷன் குடிக்க மாட்டேங்கிறாரேன்னு அழணும். குடிச்சாலாவது இடம் காலியாகும். போர்வை வைக்க ஒரு தட்டு கிடைக்கும்."

"அதுல ஒண்ணு நம்ம கல்யாண வருஷத்துல காய்ச்சினது, தெரியுமா? முப்பதாவது வருஷம் திறக்கலாம். நீயும் குடிக்கணும்."

"ஒரு ஸ்பூன். அதுக்கு மேல கேட்கக் கூடாது."

குழந்தை இல்லாத வீடு. அவர்களுடைய கேலி, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனைச் சுற்றியே வருஷக்கணக்காக ஓடியது.

முப்பதாவது வருஷம் வருவதற்குள் அவள் படுத்துவிட்டாள். முதுகுத்தண்டில் வந்த வியாதி. டாக்டர்கள் அதன் பெயரைச் சொன்ன அன்றைக்குப் பல்செட்டுக்காரர் அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தார். "நீ எழுந்து நடக்கிற அன்னிக்கு நீயே திறந்து எடு. அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்."

"தொடாம இருந்துடுவீங்களாக்கும்."

இருந்தார். பகலில் அவளுடைய தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்ததும் மற்றதெல்லாம் அவர். முதுகு புண்ணாகாமல் இருக்க அடிக்கடி அவளைத் திருப்பிப் போட வேண்டும். கழுத்துக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்து, "கொஞ்சம் திரும்பிக்கலாமா?" என்று கேட்டுத்தான் திருப்புவார். மெழுகில் பல் பதிக்கிற கை அது. ஒருநாளும் அவளுக்கு வலித்ததில்லை.

ஆனாலும் அவள் போய்விட்டாள். சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. அவர் அதை எடுத்து மேஜை டிராயரில் போட்டார். அலமாரியைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அவர் வாழ்ந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது? காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை, கிளினிக்கில் டாக்டரிடம் சில வார்த்தைகள். அவ்வளவுதான் வாய் திறப்பது. ஊரில் அத்தனை பேர் வாயையும் அறிந்தவருக்குத் தன் வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை. கிளினிக் கிடையாது. வீட்டு ஜன்னலுக்கு எதிரே துணி காயப்போடுகிற பெண்மணி உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவள் போனதும் காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் கப்பல்காரர் போன் செய்தார். அவர் வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம், இதே பைத்தியம் பிடித்த ஐந்தாறு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு முறை, திறக்காத பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அங்கேயே திறக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

"ஒருத்தர் வெளியூர் போயிட்டாரு மாஸ்டர். ஒரு நாற்காலி காலியா இருக்கு. இந்தத் தடவை நீங்க ஒரு பாட்டில் கொண்டு வாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்சிருச்சுன்னா, அப்புறம் அந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

மாதத்தில் ஒரு ஞாயிறு. ஒரு நாற்காலி. பக்கத்தில் மனிதர்கள். பல்செட்டுக்காரர் உடனே வருவதாகச் சொல்லிவிட்டார். மறுநாள் பின்னறையில் பல் வரிசைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். "வணக்கம். இது எங்க கல்யாண வருஷத்துல காய்ச்சினது." குரல் கரகரத்தது. மறுபடி சொல்லிப் பார்த்தார். ஒரு ஸ்பூன் குடிக்க வேண்டியவள் இல்லை. இனி அதைத் தனியாகத் திறக்கத் தெம்பும் இல்லை. நாலு பேர் நடுவில் திறந்தால் அவளுக்கும் மரியாதை என்று தோன்றியது.

ஞாயிறு காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, அலமாரியைத் திறந்தார்.

பாட்டில்கள் நிற்கவில்லை. பதினொன்றும் படுத்திருந்தன. அவளுடைய நீலப் போர்வையை நாலாக மடித்து அடியில் விரித்து, ஒவ்வொன்றின் கழுத்துக்கும் துணியைச் சுருட்டித் தலையணை மாதிரி கொடுத்து, யாரோ வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். சில கழுத்துகளில் பிசுபிசுவென்று கசிந்து காய்ந்த கறை.

கட்டிலில் உட்கார்ந்து மச்சினிக்குப் போன் போட்டார்.

"அலமாரியை யாரும்மா திறந்தது?"

"அக்காதான் அத்தான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா."

"அவளாலதான் எழுந்திருக்கவே முடியாதே."

"முடியாதுதான். டிவில எதையோ பார்த்தா. உசத்தி சரக்கையெல்லாம் படுக்க வெச்சாத்தான் கெடாதுன்னு காட்டினாங்களாம். 'அய்யோ, அவருக்குத் தெரியாதுடி, இத்தனை வருஷமா நிக்க வெச்சே கெடுத்துக்கிட்டு இருக்காரு'ன்னு ஒரே புலம்பல். நான் செய்யறேன்னு சொன்னா கேட்கல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஒவ்வொண்ணா அவளே படுக்க வெச்சா. முடிச்சிட்டு வந்து படுத்தவளுக்கு ரெண்டு நாள் வலி."

அவர் திறந்திருந்த அலமாரியைப் பார்த்தபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்புறம் அப்பப்போ என்னைப் பிடிச்சுக்கிட்டே எழுந்து திருப்பியும் விடுவா அத்தான். 'எதுக்குக்கா இது'ன்னு கேட்டேன். 'அவரு என்னைத் திருப்பிப் போடறாருல்ல, ஒரே பக்கமாப் படுத்தா இதுங்களுக்கும் நோகாதா'ன்னு சிரிச்சா. அத்தான்? ஏதாவது தப்பாயிடுச்சா?"

"இல்லம்மா," என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கு."

கல்யாண வருஷத்துப் பாட்டில் வரிசையில் நடுவில் இருந்தது. அதன் கழுத்தில் கசிவு அதிகமில்லை. ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கப்பல்காரர் வீட்டு ஹாலில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. காலி நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். அவர்களில் மூக்கர் என்று ஒருவர் இருந்தார். முகர்ந்தே முழு ஜாதகமும் சொல்வார் என்று பெயர். அவரை மற்றவர்கள் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"போன மாசம் என் சரக்கை முகர்ந்துட்டு மழையில நனைஞ்ச நாய் வாசம்னாரு மாஸ்டர். வீட்டுக்குப் போய் எங்க நாயைக் குளிப்பாட்டினேன்."

பல்செட்டுக்காரர் சிரித்தார். எத்தனை மாதம் கழித்தோ, சத்தமாகச் சிரித்தார். தயார் செய்து வந்ததைச் சொன்னார். "இது எங்க கல்யாண வருஷத்துல காய்ச்சினது." எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். லேபிளைப் பார்த்த மூக்கர் மெல்ல விசிலடித்தார். அந்த நிமிஷம், அந்த நாற்காலி அவருடையதுதான்.

கார்க்கைத் திருகினார். பாதி கையோடு வந்தது. மீதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது.

வடிகட்டி ஊற்றினார்கள். மூக்கர் முகர்ந்தார், ஒரு வாய் வைத்தார், கிளாஸைக் கீழே வைத்தார். "ஊறின அட்டைப்பெட்டி," என்றார் வருத்தத்தோடு. "கார்க் மொத்தமும் இறங்கிடுச்சு. பாட்டிலைப் படுக்க வெச்சிருக்காங்க. எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயோ பாவம், பொம்பளைக்கு எப்படித் தெரியும் என்று தலையாட்டுவார்கள். அவருக்கு முதுகில் ஒரு தட்டல் கிடைக்கும், நாற்காலியும் கிடைக்கும். அவளைப் பற்றி மட்டும் ஒரு சிரிப்பு அந்த ஹாலில் சுற்றி வரும்.

"நான்தான்," என்றார் பல்செட்டுக்காரர்.

"நீங்களா? இருபது வருஷமா சேர்க்கறீங்க, இது தெரியாதா?"

"தெரியாதுங்க. படுக்க வெச்சாத்தான் நல்லதுன்னு நினைச்சேன்."

யாரோ இருமினார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து சமையலறைத் தொட்டியில் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். பேச்சு வேறு பாட்டிலுக்குப் போனது. பல்செட்டுக்காரர் மட்டும் தன் கிளாஸைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கசந்தது. கசப்புக்கு அடியில் எங்கோ தேன் மாதிரி ஒன்று வந்து, பிடிபடும் முன் போய்விட்டது.

வாசல் வரை வந்த கப்பல்காரர் மீதிப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். நிற்க வைக்கணும் என்று முதல் பாட்டிலோடு சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டார்.

"அடுத்த மாசம் போன் பண்றேன் மாஸ்டர்."

"பண்ணுங்க சார்."

அது வராது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழவில்லை. ஜன்னலுக்கு எதிரே துணியெல்லாம் எடுத்தாயிற்று. அவர் ஒரு ஸ்பூன் எடுத்து, அதில் விஸ்கியை நிரப்பி, சிந்தாமல் குடித்தார். அது அவளுடைய பங்கு.

மீதிப் பத்தும் அலமாரியில் படுத்திருந்தன. நிமிர்த்தி வைத்தால் ஒன்றிரண்டாவது பிழைக்கக்கூடும். அவருக்குத் தெரியாததா? ஒன்றின் கழுத்தைப் பிடித்துப் பாதி தூக்கவும் செய்தார். அடியில் இருந்த நீலப் போர்வையில், பாட்டில் கிடந்த இடம் குழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை தடவை திருப்பியிருந்தால் அப்படித் தேய்ந்திருக்கும்?

திரும்பவும் அதைக் குழியிலேயே வைத்தார். கழுத்துக்கு அடியில் ஒரு கை, அடிப்பக்கம் ஒரு கை கொடுத்தார்.

"கொஞ்சம் திரும்பிக்கலாமா?" என்று கேட்டார்.