இருபத்து மூன்று எம்.பி.

என் போனில் டேட்டா சேவரைப் போட்டு வைத்தது நானேதான். யாரும் சொல்லித்தரவில்லை. பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். எது வீணாகப் போனாலும் எனக்குப் பொறுக்காது. குடும்பக் குழுவில் விடிந்ததும் விடியாததுமாகச் சாமி படங்களும் பஜனை வீடியோக்களும் வந்து குவியும். பத்து மணிக்குள் அன்றைய டேட்டாவில் பாதி காலி. ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு செட்டிங்காகத் தேடி அடைத்தேன். திறக்காத ஆப் எதுவும் டேட்டாவை இழுக்கக் கூடாது. படம், வீடியோ எதுவும் தானாக இறங்கக் கூடாது. அதற்குப் பிறகு யார் எந்த வீடியோவை அனுப்பினாலும் கலங்கலான ஒரு சதுரமும், அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறியும், பக்கத்தில் எத்தனை எம்.பி. என்பதும்தான் தெரியும். வேண்டுமென்றால் அம்பை அழுத்த வேண்டும். நான் அழுத்துவதில்லை. நாங்கள் இருக்கும் வலியசாலைத் தெருவில் இதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி ஒரு கலங்கல் சதுரம் அண்ணாவிடமிருந்தும் வந்தது.

அண்ணா கரமனையில் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் நாலு வருஷமாகப் பேச்சில்லை. அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தது என் வீட்டில். அந்த எட்டு மாதத்தில் அண்ணா மூன்று முறை வந்தார்; மூன்று முறையும் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார். அப்பாவின் பதின்மூன்றாம் நாள், எல்லாரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, "விருந்தாளி வந்திருக்கார், நன்னா கவனிச்சு அனுப்புங்கோ" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னேன். பந்தி முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அண்ணா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் அப்பாவின் திவசத்தை அவர் அங்கே செய்தார், நான் இங்கே செய்தேன். ஒரே தகப்பனுக்கு ஒரே ஊரில் இரண்டு வீட்டில் பிண்டம்.

நாலு வருஷத்தில் அவரிடமிருந்து வந்த முதல் செய்தி அந்த வீடியோ. காலை டிபனுக்குப் பிறகு பார்த்தேன். கூட ஒரு வரி எழுத்துகூட இல்லை. இருபத்து மூன்று எம்.பி. சதுரத்துக்குள் முகம் மாதிரி ஏதோ வெளிறித் தெரிந்தது. என் டேட்டாவைச் செலவழித்து நான் ஏன் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மூடிவிட்டேன். உண்மையைச் சொன்னால், டேட்டா வெறும் சாக்கு. இருபத்து மூன்று எம்.பி. எனக்கு ஒரு பொருட்டே இல்லை. திட்டோ, கெஞ்சலோ, முதலில் வாய் திறந்தது அவர்தானே, கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் வாசலில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"அண்ணாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சாமே. இப்ப எப்படி இருக்கார்?"

"சாரமில்லை, பயப்பட ஒண்ணுமில்லை, இப்பத் தேவலை" என்றேன்.

ஆபரேஷன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கூடப்பிறந்தவனுக்கு என்ன என்று தெரியாது என்று எங்கள் தெருவில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அம்பின் மேல் விரல் போனது. பார்த்தால் உடனே கிளம்ப வேண்டிவரும். கிளம்பினால் நான் இறங்கிவந்த மாதிரி ஆகும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலை அண்ணா மகன் கூப்பிட்டான். "சித்தப்பா, அப்பா போயிட்டார்." பதின்மூன்று நாளும் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுவாரம் ஒரு மத்தியானம் மன்னி வரச் சொன்னார். போனேன். முன்னறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அந்த வீடியோ ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்தது" என்றார். "இனிமே பேச்சு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். 'தம்பிகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன், நீ செத்த வெளியில இரு'ன்னார். போனை ஜன்னல்ல சாய்ச்சு வெச்சுக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சதும் போனைத்தான் கேட்டார். ரெண்டு நீலக் கோடு வந்திருந்தது. 'பாத்துட்டான், வருவான்'னு எழுதிக் காட்டினார். நான் வேணா கூப்பிடட்டுமான்னேன். வேண்டாம், அவனா வரட்டும்னு எழுதினார். தினம் சாயங்காலம் ஒரு சட்டையைப் போட்டுண்டு உக்காந்திருப்பார்."

வீடியோவை இறக்காமல் செய்தியைத் திறந்தாலே அந்தக் கோடு நீலமாகிவிடும். ஏன் வரவில்லை என்று மன்னி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"அவரோட போன்ல இருந்ததையெல்லாம் பையன் அழிச்சு ஹோம் நர்ஸுக்குக் கொடுத்துட்டான். பாவம், நன்னா பாத்துண்டா, இருக்கட்டும்னு நானும் பேசாம இருந்தேன். அப்புறம்தான் தோணித்து, அவர் குரல் எங்கிட்ட எங்கேயுமே இல்லை. உன் போன்ல இருக்குமோல்லியோ? என்ன சொன்னார்னு எனக்குத் தெரிய வேண்டாம், அது உங்க ரெண்டு பேருக்குள்ள. குரலை மட்டும் ஒரு தடவை கேட்டுக்கறேன்."

எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். டேட்டா சேவரை அணைத்தேன். அம்பை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, நின்றது. இறக்க முடியவில்லை, அனுப்பியவரிடம் திரும்ப அனுப்பச் சொல்லவும் என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதுவே. ரொம்ப நாள் தொடாமல் கிடந்தால் ஆப் கம்பெனிக்காரர்கள் அழித்துவிடுவார்களாம். எல்லா செட்டிங்கும் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

"எப்படியோ அழிஞ்சு போயிடுத்து மன்னி" என்றேன்.

மன்னி என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு, "நீ பாத்தியே" என்றார். "அழுதாரா? இல்லை, சிரிச்ச முகமா இருந்தாரா?"

"சிரிச்ச முகமாத்தான் இருந்தார்" என்றேன்.