மைக்கில் சொல்லத் தயங்கிய பெயர்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அம்மன் கோவில் தேரோட்டத்தன்று நடந்தது இது.

அப்போது ராஜபாளையம் வட்டாரத்தில் மைக்செட் என்றால் நான்தான். பெருமைதான், ஆனால் உண்மை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அடுத்தவரிடம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டக் கம்பம் ஏறித் தொழில் கற்று, சொந்தமாக ஆம்ப்ளிபையர், ஜெனரேட்டர், ஒரு வேன் வரைக்கும் வந்தேன். கோவில் கொடை, மாதா கோவில் திருவிழா, எங்கள் பள்ளிவாசல் மீலாது விழா, எதுவானாலும் "மைக்செட் பாயைக் கூப்பிடு" என்பார்கள். திருவிழாவில் காணாமல் போகும் பிள்ளைகளை மைக்கில் அறிவிப்பதும் நான்தான். வெண்கல மணி மாதிரிக் குரல் எனக்கு. நான் கூப்பிட்டுக் கிடைக்காத பிள்ளை கிடையாது.

அந்த வருடம் என் மனைவி நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்க வந்திருந்தாள். தேர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நான் மைக் வைத்திருந்த மேடைக்குத் தனியாக ஓடி வந்தாள்.

"ஏங்க, வளையல் கடையில கைய விட்டுட்டா. பிள்ளையக் காணும்!"

அவ்வளவு பெரிய கூட்டம். அதற்கு நடுவே ஆள் உயரச் சக்கரங்கள் உருண்டு வருகின்றன. மைக்கை எடுத்தேன். "நாலு வயதுப் பெண் குழந்தை, சிவப்புக் கவுன் போட்டது, காணவில்லை. பார்த்தவர்கள் மேடைக்குக் கூட்டி வரவும்" என்றேன். பெயரைச் சொல்லவில்லை.

ஊரார் பிள்ளை என்றால் முதலில் பெயரைத்தான் சொல்வேன். அன்றைக்கு நாக்கு எழவில்லை. வடக்கே கலவரம் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் பக்கத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனாலும் வெளியூர்க் கூட்டம், முகம் தெரியாத ஆட்கள். ஒரு முஸ்லிம் பிள்ளை தனியாக நிற்கிறது என்று நானே ஊருக்கு அறிவிப்பதா என்று புத்தி போனது.

திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் வரவில்லை. விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், அரிசி மண்டிக்காரர், மேடைக்கு ஏறி வந்தார்.

"என்ன பாய், குரல் நடுங்குது?"

"எம் மகளக் காணும்ய்யா."

"உம்ம மகளா? பேரச் சொல்லாம யாரு பிள்ளையோ மாதிரி சொல்லிக்கிட்டு இருக்கீரு?"

கேட்டவருக்கே காரணம் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று மைக்கைப் பிடுங்கினார்.

"ஏலே, மேளத்த நிப்பாட்டுங்க! வடத்தக் கீழ போடுங்க! நம்ம மைக்செட் பாய் மகளக் காணும். பிள்ளை கெடச்ச பொறவுதான் தேரு நகரும்!"

தேர் நின்றது. மேளம் அடங்கியது. மைக்கை என்னிடம் நீட்டினார். "இப்பக் கூப்பிடும்யா."

"ஜமீலா! அத்தா பேசுறேன்மா. எங்கம்மா இருக்க?"

வடம் பிடித்தவர்கள் அந்தப் பெயரை வாய்க்கு வாய் கொண்டுபோனார்கள். அதுவரை அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த தொண்டைகள் எல்லாம் "ஜமீலா, ஜமீலா" என்று கூப்பிட்டன. தெருக்கோடி வரை அது போவது மேடையிலிருந்தே கேட்டது.

மம்சாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் கையில் சேவுப் பொட்டலம். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏன் பாய், மொதல்லயே பேரச் சொன்னா என்னவாம்? இவ எங்கிட்டப் பேரச் சொல்லிட்டா. மைக்குல வரும் வரும்னு காத்துக்கிட்டு நிக்கேன், நீங்க செவப்புக் கவுன்னு மட்டும் சொல்லுதீக. தேருக்குச் செவப்புக் கவுன் போடாத பிள்ளை எது?"

"அழுதாளாம்மா?"

"இவளா? கம்பத்துல கட்டுன குழாயக் காட்டி, 'எங்க அத்தா அதுக்குள்ள இருக்காக, எறங்கி வருவாக'ன்னு அடியிலயே நிக்கா. பிள்ளை என்னமோ உளறுதுன்னு நெனச்சேன். எம்புட்டு இழுத்தும் நகரல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த என் மனைவியும் சிரித்தாள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி, "சிரிச்சது போதும், பாட்டப் போடும்யா. தேருல அம்மன் வெயில்ல நிக்கா" என்றார்.

அதற்குப் பிறகு நிறையச் சம்பாதித்தேன். வீடு கட்டினேன், மகளை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். எல்லாம் என் உழைப்பு என்று யாரிடமும் மார்தட்டுவேன். ஆனால் ஒரு ஊரே வடத்தைக் கீழே போட்டுவிட்டு என் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டதே, அதில் மட்டும் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிறேன்.