ஒன்பது நாள் அரசியைப் பார்க்க சென்ட்-ஆனுக்கு

பிலிப் அண்ணை அடுத்த வாரம் மகளோடு வாழ வான்கூவர் போகிறார். அதற்குள், சென்ட்-ஆன் கல்லூரியில் மாணவர்கள் போடும் எங்கள் நாடகத்தைச் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை புறப்பட்டோம்.

'எங்கள் நாடகம்' என்றால், மன்னாரில் பங்குத் திருவிழாவுக்கு ஆடிய கூத்து. இங்கிலாந்தை ஒன்பது நாள் மட்டும் ஆண்ட சின்னப் பெண்ணின் கதை. பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். மீசை அரும்பாத நான் அந்த அரசி. பிலிப் அண்ணை என்னை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு முடிசூடும் கத்தோலிக்க அரசி. எங்கள் கத்தோலிக்க ஊர் யார் பக்கம் நிற்கும்? நான் முடியைக் கழற்றியதும் விசிலடித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு நான் 'ஒன்பது நாள்'. நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் கடைத்தெருவில் இன்றைக்கும் அப்படித்தான் கத்திக் கூப்பிடுவார். பஸ்ஸோ கோயில் வாசலோ, "அரசுரிமை என்ரை" என்று முந்திக்கொண்டு நுழைவார்.

அன்றும் முந்தினார். பதினொன்றேகாலுக்குப் பார்க் மெட்ரோ, ஸ்நோடனில் ஒரு மாற்றம், லியோனல்-க்ரூவில் இறங்கி மேற்கே போகும் பஸ். அறுபத்தைந்து தாண்டிய அவருக்குப் பயணம் இலவசம், எனக்குக் காசு. அதையும் அரச சலுகை என்றார். சாரதியிடம், "சென்ட்-ஆன் வந்தால் சொல்லுவீர்களா?" என்று கேட்டேன். "அதுதான் கடைசித் தரிப்பு, நித்திரை கொள்ளுங்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். வழியில் டோர்வல் வந்ததும் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வருஷம் அங்குள்ள விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கியவர்.

கல்லூரி மண்டபத்தில் இரண்டு மணிக்கு மாணவர்கள் நாடகத்தைத் தொடங்கினார்கள். நுழைவு பத்து டொலர். நோயில் கிடந்த இளம் அரசன் சாகிறான். பெரியவர்கள் தங்கள் ஆதாயத்துக்காக, அழுகிற பெண்ணின் தலையில் முடியை வைக்கிறார்கள். ஒன்பதாம் நாள் அதே பெரியவர்கள் கைவிடுகிறார்கள். எங்கள் கூத்து அத்தோடு முடியும்: அண்ணைக்கு முடிசூட்டல், மங்களம், தேத்தண்ணி. பிறகு அவளுக்கு என்ன ஆனது என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

இங்கே காட்டினார்கள். புதிதாய் முடிசூடிய அரசி மரணதண்டனைக்குக் கையெழுத்திடுகிறாள். கண்ணைக் கட்டி மண்டியிட்ட பெண், தலை வைக்கும் கட்டையைக் கையால் துழாவுகிறாள். மேடையில் ஒருவரும் அசையவில்லை. அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"டேய், நானேடா இதைச் செய்விச்சது?"

வெளியே வந்து கால்வாய்க் கரையில் நடந்தோம். "கூத்துத்தானே, அண்ணை" என்றேன்.

"ஓம். ஆனா முடியைக் கழட்டேக்கை நீ உண்மையாவே அழுதனீ. சனத்தோடை சேர்ந்து நானும் சிரிச்சிட்டன்."

அவர் போய்விட்டால், நான் ஒருகாலம் அரசியாக இருந்ததை அறிந்தவர் இந்த ஊரில் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனி ஞாயிறில் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பாருங்கள். கால்வாய்க் காற்று ஆளைத் தள்ளும், தடித்த சட்டை வேண்டும். ஊரை விட்டுப் போகும் பழைய நண்பர் இருந்தால் கூட்டிப் போங்கள்.

நாலே முக்காலுக்கு பஸ் வந்தது. கதவு திறந்தும் அண்ணை ஏறவில்லை. ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றினார்.

"மகாராணி, நீங்கள் முதல்ல ஏறுங்கோ."

ஏறினேன். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. பயணக் கார்டைத் தட்டும் இடத்தைக் கையால் துழாவினேன். பின்னாலிருந்து அண்ணை என் கையைப் பிடித்து, சரியான இடத்தில் வைத்தார்.