விறாந்தையோரக் கக்கூஸ்

அம்மா மாரி மழையில் சறுக்கி விழுந்த அன்று நான் யாழ்ப்பாணத்தில், கந்தோரில் வேலையாக இருந்தேன். அம்மாவும் அப்பாவும் நயினாதீவு வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பஸ் பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து படகேறி வீடு போய்ச் சேர்ந்தபோது, அம்மா வீங்கிய காலோடு குசினியில் நின்று எனக்குத் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை பிள்ளை, சும்மா அதில இருந்திட்டன்" என்றார்.

விழுந்ததை உட்கார்ந்ததாகச் சொல்வது அம்மாவுக்குக் கைவந்த கலை. எலும்பு முறியாதது அவருடைய நல்ல காலம்.

விழுந்த இடம் கக்கூசுக்குப் போகிற வழி. எங்கள் கக்கூஸ் வளவின் கடைசி மூலையில், வேலியோடு இருக்கிறது. குந்தி இருக்கிற பழைய கக்கூஸ். அம்மாவின் முழங்கால் மடங்கினால் நிமிராது. எழும்புவதற்குக் கதவுக் கொண்டியைப் பிடித்துத் தொங்குவாராம். மழை நாளில் அந்தப் பாதை முழுக்கப் பாசி.

கனடாவில் இருக்கிற தம்பி செய்தி கேட்டவுடன் போன் எடுத்தான். "ரெண்டு பேரையும் ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. நடுக்கடலில வைச்சு என்ன செய்யப் போறியள்?"

அவன் சொன்னதில் பிழையில்லை. கடல் குழம்பினால் படகு ஓடுவது நிச்சயமில்லை. அப்படியொரு நாளில் அம்மா இடுப்பை முறித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அப்பா அசையமாட்டார். தெற்கில் கடை வைத்திருந்து, கலவரத்தில் எல்லாம் போய், கடைசியில் இந்த வளவுக்கு வந்து சேர்ந்தவர் அவர். "இனி என்னை இதிலயிருந்து கிளப்பிறதெண்டால் நாலு பேர்தான் தூக்கவேணும்" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

சரி, இங்கேயே இருங்கள், ஆனால் வீட்டோடு சேர்த்து, நாற்காலியில் போல இருந்து எழும்பக்கூடிய கக்கூஸ் ஒன்று கட்டுவேன் என்றேன். அப்பா துள்ளினார்.

"சாமியறை இருக்கிற கூரைக்குக் கீழ கக்கூசோ?"

தெற்கில் எத்தனையோ வீடுகளில் அப்படிப் பார்த்தவர்தான். ஆனால் அவை மற்றவர்களுடைய வீடுகள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றார். அம்மாவும் அவர் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தேன். அம்மாவோ என்னைவிட உற்சாகமாக இருந்தார்.

"விறாந்தை முடியிற தொங்கலில தனிச் சுவர், தனிக் கூரை எண்டு எழுப்பினால் அது வீடில்லைத்தானே?" என்றார்.

அந்த யோசனை எடுபட்டது. வீட்டுச் சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் மேசன் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டினார். பல்லி போய்வரக்கூடிய இடைவெளி. சாமியின் மரியாதையும் அப்பாவின் மரியாதையும் அதற்குள் பத்திரமாக இருந்தன.

பீங்கான் கொமேட் என்னோடு படகில் வந்தது. அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம், பூவும் பழமுமாக. நடுவில் உரப்பை சுற்றிய கொமேட்டோடு நான். என்ன சாமான் என்று ஊகித்துக்கொண்ட ஒரு பெண்மணி, தன் அர்ச்சனைத் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

"என்னக்கா, சிலையோ? கவனமா வையுங்கோ" என்றார் படகுக்காரர்.

"ஓம், கவனம்தான்" என்றேன்.

வேலை முடிந்தது. வழுக்காத தரை, இரண்டு பக்கமும் பிடிகம்பி, கைக்கு எட்டுகிற இடத்தில் லைட் சுவிட்ச். மூடியைத் திறக்காமலே நானே இருந்து எழும்பிக் காட்டினேன். அம்மா சிரித்தார். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதியாக யாழ்ப்பாணம் திரும்பினேன். போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா "ஓம், ஓம், நல்ல வசதி" என்பார்.

பிறகு ஒரு லீவு நாளில் சொல்லாமல் போனேன். கேற்றைத் திறந்தபோது அம்மா வளவின் பின்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் வாளி, மற்றக் கையால் வேலியைப் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து. விறாந்தைத் தொங்கலில் புதுக் கதவுக்கு ஆமைப்பூட்டு.

திறப்பை வாங்கித் திறந்து பார்த்தேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட அடையாளமில்லை. கொமேட் மூடியில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகூட உரிக்கப்படவில்லை. பிடிகம்பியில் புதுத் துவாய் ஒன்று மடித்துத் தொங்கியது.

"என்னம்மா இது?"

"அவை வரேக்கை துப்பரவாய் இருக்கட்டும் பிள்ளை."

அவை என்றால் தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள். "நாங்கள் பாவிச்சு ஊத்தையாக்கினால் அந்தக் குஞ்சுகள் என்னெண்டு போகும்? கக்கூஸ் சரியில்லாமல்தானே இவ்வளவு காலமும் வரேல்லை. இனி வருவினம்."

அம்மா அன்று என் பக்கம் சேர்ந்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொல்லாத கோபம் வந்தது. எங்கள் ஆட்களின் வழக்கம் இது. நல்லதெல்லாம் வருகிறவர்களுக்கு. அலுமாரியில் இருக்கிற கண்ணாடிக் கோப்பைகளில் அம்மா ஒருநாளும் வாய் வைத்ததில்லை. அதைப் பொறுக்கலாம். பழைய கோப்பையில் குடித்து யாரும் இடுப்பு முறிந்து கிடந்ததில்லை.

கெஞ்சினேன். ஏசினேன். அடுத்த படகிலேயே ரவுணுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று வெருட்டினேன். "நாளைக்குத் திறக்கிறன்" என்றார் அம்மா. அவருடைய நாளை எனக்குத் தெரியும். அப்பாவையாவது சொல்லச் சொன்னேன். "நான் இந்த வேலையே வேண்டாமெண்டு முதலே சொன்னனான்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

கடைசியில் தம்பிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவனுடைய எண்ணம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அம்மாவுக்கு அவன் வாயால்தான் தெரியவேண்டும்.

"அம்மா பக்கத்தில நிக்கிறா. உங்களுக்கெண்டு கக்கூசைப் பூட்டி வைச்சிருக்கிறா. நீங்கள் வந்தால் இந்த வீட்டில நிப்பியளோ? உண்மையைச் சொல்லு."



"இல்லையக்கா. வெக்கையும் நுளம்புக்கடியும் பிள்ளையளுக்கு ஏலாது. யாழ்ப்பாணத்தில ஹோட்டலில நிண்டு, காலமை வந்து உங்களைப் பாத்திட்டுப் பின்னேரம் போயிடுவம். அம்மா, நீங்கள் அதைப் பாவியுங்கோ. எங்களுக்காகப் பாத்துக்கொண்டிருக்கவேண்டாம்." நல்ல மனத்தோடுதான் சொன்னான்.

"எப்ப தம்பி வாறியள்?" என்று அம்மா கேட்டார்.

"பாப்பமம்மா."

போனை வைத்தேன். அப்பா பேப்பரை மடித்தார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அம்மா என் கையிலிருந்த திறப்பை வாங்கிக்கொண்டு போனார். பிளாஸ்டிக்கைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. "கம்பியைப் பிடியுங்கோ" என்று கதவுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னேன். "பிடிச்சிருக்கிறன்" என்றார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"வசதியாத்தான் இருக்குது."

"அதைத்தானே அண்டையிலயிருந்து சொல்லுறன்."

அம்மா கதவைச் சாத்தினார். பூட்டவில்லை.

"முந்தி ஆரும் கேட்டால், கக்கூஸ் சரியில்லை, அதுதான் பிள்ளை வரேல்லை எண்டு சொல்லுவன்" என்றார். "இனி என்னத்தைச் சொல்லுறது?"